மணல் ஈயைப் பின்தொடர்ந்த மருத்துவர்

கல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மவர்கள் சித்தரஞ்சன் அவென்யூ வழியாகப் பலமுறை சென்றிருப்பார்கள். அங்கே வெப்பநாட்டு நோய்களை ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசின் என்னும் நிலையம் இருக்கிறது. விடுமுறைக்குச் சென்னை செல்பவர்கள் கிண்டியில் கிங் நிலையம் இருப்பதையும் அறிவார்கள். ஒரு காலத்தில் மாகாணம் முழுமைக்கும் அம்மைப்பால் தயாரித்து அனுப்பிய இடம் அது. இவ்விரண்டையும், இவற்றுக்கு வெகு தொலைவிலுள்ள அஸ்ஸாமின் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கையும் ஒரே கயிற்றில் கோத்த பூச்சி ஒன்று உண்டு. கொசுவின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பறக்கும்போது ஓசை எழாது. சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் தாராளமாக நுழைந்துவிடும். அதற்கு மணல் ஈ என்று பெயர்.

அந்தப் பூச்சியைத் தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகள் முழுவதும் பின்தொடர்ந்து சென்ற ஹென்றி எட்வர்ட் ஷார்ட் என்ற மருத்துவரைப் பற்றியும், அவரோடு உழைத்தவர்களைப் பற்றியும் இங்கே பேச எண்ணுகிறோம். ரொனால்ட் ராஸின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஷார்ட்டின் பெயரோ மருத்துவம் படித்தவர்களிலேயே பலருக்கு நினைவில் இராது. ராஸுக்குக் கொசு விடை சொல்ல இரண்டாண்டுகளுக்குச் சற்று மேலாயிற்று. மணல் ஈயோ, சந்தேகம் எழுந்த பின்னரும் பதினெட்டு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளின் கதைதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். வடநாட்டில் இதைக் காலா-அசார் என்பார்கள். காலா என்றால் கருமை. அசார் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல், நோய் என்று பொருள். தமிழில் கருங்காய்ச்சல் என்று சொல்வதுண்டு. காய்ச்சல் வாரக்கணக்கில் வந்து வந்து போகும். உடல் எலும்பாய் உருகும். வயிறு மட்டும் மண்ணீரல் வீக்கத்தால் பானைபோல் முன்தள்ளும். தோல் மெல்லக் கருக்கும். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டார்கள். வேகமாய்க் கொல்லும் காலராவைப் போலன்றி, இது ஒரு குடும்பத்தை ஓராண்டு இரண்டாண்டு வைத்திருந்து, உழைப்பவரையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு போகும்.

1824, 1825 ஆண்டுகளில் வங்காளத்து ஜெஸ்ஸோர் பகுதியில் இதைப் போன்ற கொள்ளைக் காய்ச்சல் ஒன்று தோன்றியதாகக் குறிப்புகள் உள்ளன. பின்னர் அது காரோ மலையடிவாரத்தை அடைந்தது. அங்கிருந்து பிரம்மபுத்திராவின் கரையோடு கிழக்கு நோக்கி, ஆண்டுக்குச் சில மைல்களாக, நடந்து செல்பவனைப் போல மெதுவாக ஏறியது. நௌகாங் மாவட்டத்தில் 1891-ஆம் ஆண்டு ஜனக்கணக்கையும் 1901-ஆம் ஆண்டு கணக்கையும் ஒப்பிட்டால், பத்தாண்டுகளில் மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது தெரியும். வயல்கள் தரிசாயின. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. சர்க்காரின் கவனம் திரும்பியதற்கு இந்தப் பிந்திய காரணமும் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

காரணம் தேடி வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினார்கள். 1890-இல் வந்த ஜைல்ஸ் என்பவர் கொக்கிப்புழுவே காரணம் என்றார். 1896-இல் வந்த லியோனார்ட் ராஜர்ஸ், இது மலேரியாவின் கொடிய வடிவம் என்று முடிவு செய்தார். ராஸே 1899-இல் அஸ்ஸாம் சென்று பார்த்துவிட்டு, மலேரியாவின் பக்கமே சாய்ந்தார். மலேரியாவின் புதிரை விடுவித்த கண்களே இங்கே தவறின. ஒரு நோயை நன்கு அறிந்தவருக்கு மற்றொரு நோயும் அதன் சாயலிலேயே தெரிவது இயல்புதான் போலும்.

உண்மையின் முதல் துணுக்கு 1903-இல் வெளிவந்தது. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் முகாமில் இருந்து, தாயகம் திரும்பி, அங்கே இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் சில நுண்ணிய முட்டை வடிவப் பொருள்களைக் கண்டிருந்தார். அதை அவர் அச்சிட்டது 1903 மே மாதம். அதே காலத்தில், சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சார்லஸ் டோனவன், இறந்தவர்களின் மண்ணீரலில் அதே பொருள்களைக் கண்டு வியந்துகொண்டிருந்தார். லீஷ்மனின் கட்டுரையைப் படித்ததும், இறந்தபின் தோன்றும் சிதைவு இதுவன்று என்பதை நிலைநாட்ட, ஜூன் மாதத்தில் உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் சாறு எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அவை இருந்தன. டோனவன் கல்கத்தாவில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர். இருவர் பெயரையும் இணைத்து ராஸ் அக்கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். மலேரியா என்று தாம் கூறியது தவறு என்பது வெளிப்பட்ட அதே ஆண்டில், அந்தக் கிருமிக்குப் பெயர் வைக்கும் பணியும் ராஸுக்கே வாய்த்தது!

கிருமி அகப்பட்டுவிட்டது. ஆனால் அது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எப்படிச் செல்கிறது? 1904-இல் ராஜர்ஸ் கல்கத்தாவில் இக்கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க முயன்றார். உடல் வெப்பத்தில் அது மாண்டது. வெப்பத்தைக் குறைத்தபோது வளர்ந்ததோடு, வாலொன்று முளைத்து நீந்தவும் தொடங்கியது. மனித உடலைவிடக் குளிர்ந்த ஏதோ ஓர் உடலில் இது வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கழிக்கிறது என்பதற்கு அது அடையாளம். பூச்சியின் உடல் அத்தகையது. எந்தப் பூச்சி?

மூட்டைப்பூச்சி என்றார்கள். வட சென்னையில் இந்நோய் அப்போது இருந்தது. அங்கே ஆராய்ந்த பேட்டன் 1907-இல், மூட்டைப்பூச்சியின் குடலில் கிருமி வால் முளைத்து வளர்வதைக் காட்டினார். ஏழைகள் வீட்டில் மூட்டைப்பூச்சிக்குக் குறைவா? நோயும் ஏழைகள் வீட்டில்தான். ஆகவே கருத்து மிகப் பொருத்தமாகத் தோன்றியது. பல ஆண்டுகள் அதிலேயே கழிந்தன. ஆனால் மூட்டைப்பூச்சி இல்லாத ஊர் இந்தியாவில் ஏது? கருங்காய்ச்சலோ சில பகுதிகளில் மட்டும் இருக்கிறதே! இக்கேள்விக்கு அக்கொள்கையில் விடை இல்லை.

இதற்கிடையில், கொள்கை எதுவுமின்றியே சரியான காரியத்தைச் செய்துகொண்டிருந்தார் ஒருவர். நௌகாங் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் மருத்துவர் டாட்ஸ் பிரைஸ், நோய் புகுந்த கூலிக் குடியிருப்புகளைக் கைவிடச் செய்து, முந்நூறு நானூறு கஜ தூரத்தில் புதிய வீடுகள் கட்டி, நோயற்ற குடும்பங்களை அங்கே குடியேற்றினார். நோய் நின்றது. கிருமி காற்றிலோ நீரிலோ பரவுமானால், அல்லது மூட்டை முடிச்சுகளோடு கூடவே செல்லும் மூட்டைப்பூச்சியில் இருக்குமானால், முந்நூறு கஜம் என்ன செய்யும்? அந்தத் தொலைவைக் கடக்க மாட்டாத, பறக்கும் வலிமை குன்றிய ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. இன்று நமக்கு இது தெளிவாகத் தெரிகிறது. அன்று அந்த முந்நூறு கஜத்தின் பொருளை யாரும் படிக்கவில்லை.

மணல் ஈயின்மேல் சந்தேகம் வலுத்தது 1924-இல். சிண்டன் என்ற ராணுவ மருத்துவர் இந்தியாவின் மணல் ஈக்கள் எங்கெங்கே வாழ்கின்றன என்பதை வகைப்படுத்தி வந்தார். அவற்றில் வெண்ணிறக் கால்களுடைய ஓர் இனத்தின் இருப்பிடங்கள், கருங்காய்ச்சல் பகுதிகளின் படத்தோடு ஏறக்குறைய ஒன்றாகப் பொருந்தின. ஃபிளபாட்டமஸ் அர்ஜெண்டிபெஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அதே ஆண்டில், சித்தரஞ்சன் அவென்யூவில் நாம் கண்ட அந்த நிலையத்தில், நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகிய மூவர் இந்த ஈக்களை நோயாளிகளைக் கடிக்கவிட்டுச் சில நாள் கழித்து அறுத்துப் பார்த்தார்கள். குடலில் கிருமிகள் வால் முளைத்துத் திரளாக நீந்திக்கொண்டிருந்தன.

இனி என்ன, கதை முடிந்தது என்று எவரும் எண்ணுவர். ராஸ் கொசுவின் குடலில் கிருமியைக் கண்டபின் அடுத்த ஆண்டே பறவைகளில் நோய் பரவும் வழியைக் காட்டிவிடவில்லையா? ஆகவே இந்திய சர்க்கார் கருங்காய்ச்சல் கமிஷன் ஒன்றை அமைத்து அஸ்ஸாமுக்கு அனுப்பியது. மலேரியா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற கிறிஸ்டோஃபர்ஸ், பூச்சியியல் வல்லுநர் பாரோ, அவர்களோடு ஷார்ட் ஆகியோர் அதில் இருந்தனர். சிறிது காலத்தில் ஷார்ட்டே அதன் தலைவரானார்.

ஷார்ட் 1887-இல் பஞ்சாபின் தாரிவாலில் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மருத்துவம் பயின்று, 1910-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் மெஸொபொடேமியாவில் பணியாற்றினார். பின்னர் கசௌலி ஆராய்ச்சி நிலையத்தில் நுண்ணிய ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தார். கண்ணாடிக்கு முன்னால் மணிக்கணக்கில் அசையாமல் உட்காரும் பொறுமை அவரிடம் இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது முழுவதும் தேவைப்பட்டது.

கமிஷனின் வேலை எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள ஈயை உயிரோடு பிடிக்க வேண்டும். சிறகு முறிந்தால் பயனில்லை. பிடித்த ஈ நோயாளியை ஏற்கெனவே கடித்திருக்கலாம் என்பதால், ஆய்வுக்குரியவற்றை முட்டையிலிருந்தே வளர்க்க வேண்டும். மாட்டுத் தொழுவத்தின் ஈரமண் போன்ற இடமே அதற்கு உகந்தது. சற்றே உலர்ந்தால் புழு சாகும். சற்றே நனைந்தால் பூசணம் பூக்கும். முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடையவே ஒரு மாதத்துக்கு மேலாகும். வளர்ந்தவற்றில் பெண் ஈ மட்டுமே கடிக்கும். அதை நோயாளியின் தோல்மீது கடிக்கவிட்டு, கிருமி முற்றும்வரை உயிரோடு காத்து, மறுபடி நோயற்ற ஒரு பிராணியைக் கடிக்கச் செய்ய வேண்டும். இங்கேதான் தடை. ஒருமுறை இரத்தம் குடித்து முட்டையிட்ட ஈ பெரும்பாலும் இறந்துவிடும். பிழைத்தவற்றுக்கு உணவாக மீண்டும் இரத்தம் கொடுத்தார்கள். இரத்தம் குடிக்கும் பூச்சிக்கு இரத்தம்தானே உணவு என்பது யாருக்கும் தோன்றும் நியாயம். அந்த ஈக்கள் கடித்த பிராணிகளும், ஆண்டுகள் சென்றும், நோயின்றி நலமாகவே இருந்தன.

1931-இல் ஒரே ஒரு வெற்றி கிட்டியது. சீனத்திலிருந்து வரவழைத்த ஹாம்ஸ்டர் என்னும் எலியினப் பிராணி ஒன்றுக்கு ஈயின் கடியால் நோய் கண்டது. அதை அறிவித்த கட்டுரையில் ஷார்ட், ஸ்மித், சுவாமிநாத், கிருஷ்ணன் என்ற நான்கு பெயர்கள் உள்ளன. ஆயிரமாயிரம் கடிகளுக்குப் பின் ஒரு ஹாம்ஸ்டர்! நீதிமன்றத்தில் ஒரே சாட்சி போலத்தான் அது. அவ்வெற்றியை விரும்பியபோதெல்லாம் மீண்டும் நிகழ்த்திக்காட்ட இயலவில்லை. வேறு வழிகளும் இருக்கலாம், எச்சிலாலும் மலத்தாலும் பரவலாம் என்று கூறியவர்களுக்கு இது வாய்ப்பாயிற்று. கமிஷனின் பெரிய அறிக்கை 1932-இல் வெளிவந்தது. அதில் ஈயின் வாழ்க்கையைப் பற்றி எவ்வளவோ இருந்தது. அது நோயைப் பரப்புகிறது என்பதற்கு ஐயமற்ற நிரூபணம் மட்டும் இல்லை. நம் கருத்தில், ஷார்ட்டின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது. சந்தேகம் சரி என்று மனம் உறுதியாக நம்பியபோதும், கையில் இல்லாததை இருப்பதாக அவர் எழுதவில்லை.

அதன்பின் 1930-களின் நடுவில் அவர் கிண்டி கிங் நிலையத்தின் தலைவராகச் சென்னைக்கு வந்தார். அம்மைப்பால் தயாரிப்பதும் நோய்க்கிருமிச் சோதனைகளும் கொண்ட மாகாண நிலையம் அது. அஸ்ஸாமின் ஈக்கள் அவரை விட்டு விலகின; ஆனால் கேள்வி விலகவில்லை.

விடையின் சாவி கல்கத்தாவில் கிடைத்தது. அதுவும் ஓர் உலர்ந்த திராட்சையில்! 1924-இல் முதல் சோதனையில் பங்கு கொண்ட அதே ஸ்மித், ஹல்தார், அகமது என்னும் இருவரோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். மணல் ஈ இரத்தம் மட்டுமா குடிக்கிறது? செடிகொடிகளின் சாற்றையும் அது உறிஞ்சுவதுண்டு. ஆகவே நோயாளியைக் கடித்த ஈக்களுக்கு இரண்டாம் முறை இரத்தம் கொடாமல், உலர்ந்த திராட்சையைக் கொடுத்து வைத்தார்கள். ஈக்கள் நீண்ட நாள் பிழைத்திருந்தன. அத்தோடு நிற்கவில்லை. அவற்றின் உடலில் கிருமிகள் முன்பு கண்டிராத அளவில் பெருகித் தொண்டை வரை வந்து அடைத்துக்கொண்டன. தொண்டை அடைபட்ட ஈ இரத்தத்தை உறிஞ்சத் திணறுகிறது. திணறும்போது அடைப்பிலுள்ள கிருமிகளைக் கடிவாயில் கக்கிவிடுகிறது. 1940-இலும் அடுத்த ஆண்டிலும் அவர்கள் இதை வெளியிட்டார்கள். முன்பு அரிதாய் இருந்தது இப்போது ஹாம்ஸ்டர்களில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

இத்தனை ஆண்டுகளும் ஆராய்ச்சியாளர்கள் அக்கறையோடு அளித்த இரண்டாம் இரத்த உணவே ஆராய்ச்சியைக் கெடுத்துக்கொண்டிருந்தது! பல்லாயிரம் ரூபாய்ச் செலவு, தலைசிறந்த அறிஞர்கள், சீனத்து ஹாம்ஸ்டர்கள் எல்லாம் செய்ய முடியாததைக் கடைத்தெருத் திராட்சை செய்துவிட்டது. திராட்சையைக் கொடுக்கத் தோன்றியது தற்செயல் என்று சொல்லிவிடுவது எளிது. ஈயின் வாழ்க்கையைப் பல்லாண்டு அருகிருந்து கண்டவர்களுக்கே அந்தத் தற்செயல் வாய்த்தது என்பதையும் கருத வேண்டும்.

ஆனால் ஹாம்ஸ்டர் மனிதன் அன்று. இறுதி நிரூபணம் அஸ்ஸாமில் நடந்தது. போர்க்காலம் அது. ஷார்ட் அப்போது அஸ்ஸாம் மாகாண மருத்துவமனைகளின் தலைமை அதிகாரியாகத் திரும்பி வந்திருந்தார். சுவாமிநாத் பழைய கமிஷன் நாள்களிலிருந்து இதே பணியில் ஊறியவர். நோய் பரவியிராத இடத்தைச் சேர்ந்த மனிதர்கள், தம்மை ஈக்கள் கடிக்க இசைந்து முன்வந்தார்கள். நோயாளிகளின் இரத்தம் குடித்துத் திராட்சையில் வளர்ந்த ஈக்கள் அவர்களைக் கடித்தன. ஐந்து பேருக்கு நோய் கண்டது. 1942-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியான அக்கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. சுவாமிநாத் முதலில், ஷார்ட் அடுத்து, ஆண்டர்சன் இறுதியில்.

இப்பெயர் வரிசையில் சற்று நின்று செல்ல விரும்புகிறோம். அன்று ஒரு வெள்ளை அதிகாரியின் கீழ் உழைத்த இந்தியரின் பெயர் கட்டுரையின் அடியில் நன்றியுரையில் வந்தாலே பெரிது என்ற வழக்கம் பல இடங்களில் இருந்தது. மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி தம் பெயரை இரண்டாவதாகப் போட்டுக்கொண்டார். வேலையைச் செய்தவர் பெயர் முதலில் நின்றது. ஆனால் அந்த ஐந்து பேரின் பெயர்கள் எங்கும் ஒலிப்பதில்லை. கருங்காய்ச்சல் என்றால் என்ன என்பது அஸ்ஸாமில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தே கையை நீட்டினார்கள். இத்தகைய சோதனையை நினைக்கவே முடிந்ததற்குக் காரணம் ஒரு மருந்து. கல்கத்தா காம்ப்பெல் மருத்துவமனையில், தண்ணீர்க் குழாயும் மின் விளக்கும் இல்லாத சிறு அறையில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-இல் கண்டுபிடித்த யூரியா ஸ்டிபமைன்தான் அது. முன்பு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாண்ட நோயில் அம்மருந்து பெரும்பாலோரைப் பிழைக்க வைத்தது. இருந்தபோதிலும், இன்றைய நெறிமுறைகளின்படி இப்படிப்பட்ட சோதனைக்கு எளிதில் அனுமதி கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்பதே நம் எண்ணம்.

ஷார்ட்டின் கதை இத்துடன் முடியவில்லை. போர் முடியும் காலத்தில் அவர் இந்தியாவை விட்டு லண்டன் சென்று, வெப்பநாட்டு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர் அங்கே மற்றொரு புதிரை எடுத்துக்கொண்டார். மலேரியாக் கொசு கடித்தபின் காய்ச்சல் வரப் பத்து நாளுக்கு மேலாகிறது. அந்த இடைவெளியில் கிருமிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன? ஷாடின் என்ற ஜெர்மானிய அறிஞர், கொசு செலுத்திய கிருமி நேராகச் சிவப்பணுவுக்குள் புகுவதைத் தம் கண்ணால் கண்டதாக 1903-இல் எழுதியிருந்தார். அவருடைய புகழ் பெரிது. ஆகவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் அதையே திரும்பச் சொல்லின. வேறு எவராலும் அதைக் காண முடியவில்லை என்பது மட்டும் குறை. போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஃபேர்லி என்பவர் விந்தையான ஒன்றைக் காட்டினார். கொசு கடித்த அரைமணி நேரத்துக்குள் ஒருவரின் இரத்தத்தை எடுத்து மற்றவருக்குச் செலுத்தினால் மலேரியா வருகிறது. அதன்பின் சுமார் ஒரு வாரம் அதே இரத்தத்தால் எத்தீங்கும் இல்லை. பிறகு மீண்டும் நோய் வருகிறது. கிருமி இரத்தத்தை விட்டு எங்கோ போய்த் திரும்புகிறது என்பது உறுதியாயிற்று.

ஷார்ட்டும் கார்னமும் ஒரு குரங்கை நூற்றுக்கணக்கான மலேரியாக் கொசுக்கள் கடிக்கச் செய்தார்கள். ஒரு கொசுவோ இரு கொசுவோ செலுத்தும் கிருமிகளை உடலில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதே ஆகும். ஆகையால் ஊசிகளின் எண்ணிக்கையைப் பெருக்கினார்கள். ஏழாம் நாள் உறுப்புகளை ஒவ்வொன்றாக நறுக்கிப் பார்த்தபோது, கல்லீரல் அணுக்களுக்குள் கிருமிக் கூட்டங்கள் தென்பட்டன. 1948-இல் இது வெளியாயிற்று. அதே ஆண்டில் மனித மலேரியாவிலும் கல்லீரல் நிலையைக் கண்டார்கள். சிலருக்கு மலேரியா குணமாகிப் பல மாதங்களுக்குப் பின் மீண்டும் தாக்குவது ஏன், இரத்தத்தைச் சுத்தமாக்கும் மருந்து அதைத் தடுக்காதது ஏன் என்ற கேள்விகளுக்கு அங்கிருந்து வழி திறந்தது. இன்று மலேரியா நோயாளிக்குப் பதினான்கு நாள் பிரைமாகுவின் மாத்திரை எழுதிக்கொடுக்கும் மருத்துவர், கல்லீரலில் பதுங்கியுள்ள அந்தக் கிருமியை எண்ணியே எழுதுகிறார். 1950-இல் ராயல் சொஸைட்டி ஷார்ட்டை உறுப்பினராக ஏற்றது. அவர் நூறு வயது நிறைந்து 1987-இல் காலமானார்.

மணல் ஈ மட்டும் காலமாகவில்லை. 1953 முதல் மலேரியாவுக்காக நாடெங்கும் டி.டி.டி. தெளித்தபோது, மண்சுவரின் வெடிப்புகளில் தங்கியிருந்த மணல் ஈக்களும் மாண்டன. கருங்காய்ச்சல், யாரும் குறிவைக்காமலே, ஏறக்குறைய மறைந்தது. மறைந்ததை எல்லோரும் மறந்தும் போனார்கள். தெளிப்பு நின்ற சில ஆண்டுகளில், 1977 அளவில், பீகாரில் அது மீண்டும் கொள்ளை நோயாக எழுந்தது. 1992-இல் மட்டும் இந்தியாவில் 77,000 பேருக்கு மேல் நோய் கண்டது. 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அறிஞர்கள் பதினெட்டு ஆண்டு தேடி நிலைநாட்டிய உண்மை நூலகத்தில் இருந்தது. மருந்து தெளிக்கும் கை மட்டும் கிராமத்தில் இல்லை.

2000-த்துக்குப் பின் இந்தியா, வங்கதேசம், நேபாளம் மூன்றும் சேர்ந்து இதை ஒழிக்க முனைந்தன. ஊசி இன்றி வாயால் உட்கொள்ளும் மருந்தும், ஒரே தடவையில் செலுத்தும் மருந்தும் வந்தன. ஒரு துளி இரத்தத்தில் சில நிமிடங்களில் நோயறியும் சோதனைத் தாள் கிராமச் சுகாதார நிலையங்களுக்குச் சென்றது. உலகிலேயே முதலாவதாக இந்நோயை ஒழித்த நாடென்று 2023 அக்டோபரில் வங்கதேசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. இந்தியாவில் நோய் நிலவிய பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் வட்டாரங்களும், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற எல்லையை அதே ஆண்டில் எட்டின. குணமடைந்த சிலருக்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலில் வெண்புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றுவதுண்டு. வலியில்லாததால் அவர்கள் மருத்துவரிடம் வருவதில்லை. அந்தப் புள்ளிகளில் கிருமி இருக்கிறது. அவற்றைக் கடிக்கும் ஈ அதை எடுத்துச் செல்கிறது.

பாட்னாவிலோ முசாபர்பூரிலோ வேலை பார்க்கும் நம்மவர்கள் கிராமப்புறம் செல்லும்போது, முதுகில் மருந்துக் கலத்தைச் சுமந்தவர்கள் வீடு வீடாக நுழைவதைக் காணக்கூடும். படுக்கையறைச் சுவருக்கும் மாட்டுத் தொழுவத்துச் சுவருக்கும் அவர்கள் மருந்து தெளிக்கிறார்கள். டி.டி.டி.க்கு ஈக்கள் பழகிப்போனதால் இப்போது வேறு மருந்து. நெடுங்காலம் சுவரின் அடியிலிருந்து ஆறடி உயரம் வரையில்தான் தெளிப்பது வழக்கமாக இருந்தது. மணல் ஈ உயரப் பறக்காது, தத்தித் தத்தித்தான் செல்லும் என்று கண்ட பழைய ஆராய்ச்சிகளிலிருந்து வந்த அளவு அது.